சராசரி விவசாயியின் கடன்

பணி ஓய்வுக்குப் பிறகு, சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கலைக் கல்லூரியில் சிறப்பு வகுப்பு எடுக்கச் சென்றிருந்தேன். பொருளியல், சமூகவியல், சமூகப்பணி ஆகிய துறைகளின் முதுநிலை முதலாண்டு மாணவர்கள் கூடியிருந்தனர். விவரணப் புள்ளியியல்தான் பாடம். அதாவது, திரட்டிய விவரங்களைச் சுருக்கி, அவை என்ன சொல்கின்றன என்று விவரிக்கும் பகுதி. புள்ளியியல் பாடநூலின் முதல் நான்கைந்து அத்தியாயங்கள் இவைதாம். எளிதானவை என்று மாணவர்களும் நினைப்பார்கள். ஆசிரியர்களும் விரைவாக முடித்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவார்கள்.

கரும்பலகையில் ரூ.74,121 என்று எழுதினேன். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய 77-ஆவது சுற்று மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் ஒரு வேளாண் குடும்பத்தின் சராசரிக் கடன் நிலுவை அது. 2021 செப்டம்பரில் அறிக்கை வெளியானபோது நாளேடுகளில் தலைப்புச் செய்தியாக வந்த எண். 'இந்திய விவசாயி ஒவ்வொருவர் தலையிலும் 74 ஆயிரம் ரூபாய் கடன்' என்பதுபோல மேடைகளிலும் அது பேசப்பட்டது.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "சார், எங்கள் ஊரில் பாதிப் பேருக்குக் கடனே இல்லை. கடன் இருப்பவர்களில் சிலர் கைமாற்றாகப் பத்தாயிரம் வாங்கியிருப்பார்கள். சிலர் லட்சக்கணக்கில் வைத்திருப்பார்கள். எழுபத்து நான்காயிரம் கடன் உள்ள ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது" என்றார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரத்தில் நான் சொல்ல நினைத்ததை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அந்த எண் எப்படி வந்தது என்று பார்ப்போம். ஆய்வுக்கு உட்பட்ட வேளாண் குடும்பங்கள் அனைத்தின் கடனையும் கூட்டி, குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது கூட்டுச் சராசரி. இங்கே கவனிக்க வேண்டியது வகுக்கும் எண். கடன் உள்ள குடும்பங்கள் மட்டுமல்ல, கடனே இல்லாத குடும்பங்களும் அதில் அடக்கம். அதே அறிக்கை, கடன்பட்ட வேளாண் குடும்பங்கள் 50.2 சதவீதம் என்கிறது. மீதமுள்ள 49.8 சதவீதக் குடும்பங்களின் கடன் பூஜ்யம். ஆகவே, கடன்பட்ட குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சராசரி ஏறத்தாழ இரு மடங்காகி, சுமார் 1.48 லட்சம் ரூபாய் ஆகிறது. இரண்டும் சரியான எண்களே. ஒன்று, நாட்டின் வேளாண் குடும்பங்கள் மீதுள்ள மொத்தச் சுமையைப் பங்கிட்டுக் காட்டுகிறது; மற்றொன்று, கடனாளியின் தோளில் இருக்கும் சுமையைக் காட்டுகிறது. எதைச் சொல்கிறோம் என்பதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதில்தான் பிழை தொடங்குகிறது.

மாநிலங்களை ஒப்பிடும்போது இந்தப் பிழை இன்னும் பெரிதாகிறது. அதே ஆய்வில், ஆந்திரத்தின் சராசரிக் கடன் 2,45,554 ரூபாய். தமிழகத்தின் சராசரி 1,06,553 ரூபாய். ஆந்திர விவசாயி தமிழக விவசாயியைப்போல 2.3 மடங்கு கடன்பட்டவர் என்று யாரும் எளிதில் எழுதிவிடலாம். ஆனால், ஆந்திரத்தில் 93.2 சதவீத வேளாண் குடும்பங்கள் கடன்பட்டவை, தமிழகத்தில் 65.1 சதவீதம். கடன்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் கணக்கிட்டால் ஆந்திரத்தில் சுமார் 2.63 லட்சமும், தமிழகத்தில் சுமார் 1.64 லட்சமும் வருகின்றன. வேறுபாடு 1.6 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. கடனாளிகளின் சுமை வேறு, கடனாளிகளின் பரவல் வேறு. ஒற்றைச் சராசரி இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தருகிறது.

இப்போது, எல்லாக் குடும்பங்களையும் கடனின் அளவுப்படி வரிசையாக நிறுத்துவோம். வரிசையின் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் கடன்தான் இடைநிலை அளவு. அகில இந்திய அளவில் 49.8 சதவீதத்தினருக்குக் கடன் இல்லை என்பதால், நடுவில் நிற்பவர், கடன்பட்டவர்களிலேயே மிகக் குறைந்த கடன் உள்ளவராகத்தான் இருக்க முடியும். ஆக, சராசரி 74,121 ரூபாய். இடைநிலையோ பூஜ்யத்தை ஒட்டிய ஒரு சிறு தொகை. அந்த மாணவரின் ஊர் விதிவிலக்கல்ல. அதுதான் நாட்டின் நிலை.

வகுப்பில் இதை ஒரு கற்பனை ஊரைக் கொண்டு விளக்கினேன். பத்துக் குடும்பங்கள். ஐந்துக்குக் கடன் இல்லை. மற்ற ஐந்தின் கடன்கள் முறையே 10 ஆயிரம், 20 ஆயிரம், 40 ஆயிரம், 1.2 லட்சம், 5.5 லட்சம். கூட்டினால் 7.4 லட்சம், சராசரி 74 ஆயிரம். ஐந்தாவது, ஆறாவது குடும்பங்களுக்கு நடுவே நிற்கும் இடைநிலை 5 ஆயிரம். அடிக்கடி வரும் மதிப்பான முகடு, பூஜ்யம். பத்தில் எட்டுக் குடும்பங்கள் சராசரிக்குக் கீழே இருக்கின்றன. 5.5 லட்சம் கடன் உள்ளவர் அதை 55 லட்சமாக ஆக்கிக்கொண்டால், ஊரின் சராசரி 5.69 லட்சமாகத் தாவும். மற்ற ஒன்பது வீடுகளில் எந்த மாற்றமும் நிகழ்ந்திருக்காது. இடைநிலையோ 5 ஆயிரத்திலேயே அசையாமல் நிற்கும். அந்தப் பெரிய கடனாளி ஊரைவிட்டுப் போய்விட்டால், மீதமுள்ள ஒன்பது குடும்பங்களின் சராசரி சுமார் 21 ஆயிரத்துக்கு இறங்கிவிடும். ஒரே ஒரு வீட்டின் நடமாட்டத்துக்கு ஊர் முழுவதன் சராசரியும் ஆடுகிறது.

சராசரிக்கு இவ்வளவு மரியாதை எப்படி வந்தது என்பது சுவையான வரலாறு. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் கெத்தலே ஒரு வானியலாளர். வானியலில் ஒரே விண்மீனின் இருப்பிடத்தைப் பலமுறை அளப்பார்கள். ஒவ்வொரு அளவிலும் சிறு பிழை இருக்கும். எல்லாவற்றின் சராசரியும் உண்மைக்கு நெருங்கி வரும். இந்த முறையை அவர் மனிதர்களுக்கு மாற்றினார். 1835-இல் வெளியான தமது நூலில் 'சராசரி மனிதன்' என்ற கருத்தை முன்வைத்தார். ஆனால், விண்மீன் ஒன்றுதான்; அளவைகள் பல. அங்கே சராசரி தேடுவது உண்மையில் இருக்கும் ஒரு பொருளை. மனிதர்களோ பலர், ஒவ்வொருவரின் அளவும் உண்மை, யாரும் யாருடைய பிழையும் அல்லர். அங்கே சராசரி என்பது நாம் செய்துகொள்ளும் ஒரு கணக்கு, அவ்வளவே.

உயரம் போன்ற உடலளவுகளில் இதனால் பெரிய தீங்கு இல்லை. அங்கே நடுவில் பலரும், இரு ஓரங்களில் சிலருமாக, ஏறக்குறையச் சமச்சீராக மக்கள் பரவியிருப்பார்கள். சராசரியும் இடைநிலையும் அருகருகே நிற்கும். பணமும் நிலமும் அப்படிப் பரவுவதில்லை. பெரும்பாலோர் கீழ்முனையில் நெருக்கியடித்து நிற்க, ஒரு சிலர் மேல்முனையில் வெகுதொலைவு வரை நீண்டு செல்வார்கள். இந்தச் சாய்வைத்தான் பாடநூல்கள் கோட்டம் என்கின்றன. கோட்டம் உள்ள இடத்தில் சராசரி, நீண்ட பக்கத்தை நோக்கி இழுபட்டுப் போகும்.

நில உடைமையில் இது கண்கூடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஒரு சாகுபடிப் பண்ணையின் சராசரிப் பரப்பு 1.08 ஹெக்டேர்; நம் கணக்கில் சுமார் 2.67 ஏக்கர். ஆனால், 68 சதவீதத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள் ஒரு ஹெக்டேருக்குக் குறைவானவை. எனவே, இடைநிலை அளவு ஒரு ஹெக்டேருக்குக் கீழேதான் இருந்தாக வேண்டும். இதை அறிய எந்தச் சூத்திரமும் தேவையில்லை. அந்தக் குறு விவசாயிகளின் சராசரிப் பரப்பு 0.38 ஹெக்டேர், அதாவது சுமார் 94 சென்ட். ஓர் ஏக்கர்கூட இல்லை. மறுமுனையில், 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் எண்ணிக்கையில் 0.57 சதவீதம்; பரப்பில் ஏறத்தாழ 9 சதவீதம். 'இரண்டரை ஏக்கர் விவசாயி'யை மனத்தில் வைத்துத் தீட்டப்படும் திட்டம், 94 சென்ட் விவசாயியின் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விடும்.

இதே சராசரி 1970-71-இல் 2.28 ஹெக்டேராக இருந்தது. நிலம் பாதியாகிவிட்டதா என்றால், இல்லை. மொத்தச் சாகுபடிப் பரப்பு சிறிதளவே குறைந்துள்ளது. பண்ணைகளின் எண்ணிக்கை சுமார் 7.1 கோடியிலிருந்து 14.6 கோடியாகிவிட்டது. பாகப்பிரிவினையில் வகுக்கும் எண் இரட்டித்தது. ஒரு சராசரி மாறும்போது, மேலே இருக்கும் எண் மாறியதா, கீழே இருக்கும் எண் மாறியதா என்று கேட்கும் பழக்கம் பட்டப் படிப்பின் முதல் பருவத்திலேயே வர வேண்டும்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது நம் பழமொழி. மாதிரி ஆய்வை விளக்க ஆசிரியர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். நானும் முப்பது ஆண்டுகள் சொன்னேன். பின்னர்தான் அதில் மறைந்திருக்கும் நிபந்தனை எனக்கு உறைத்தது. பானையில் எல்லாச் சோறும் ஒரே கொதியில் வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம். அடிப்பிடித்தும் மேலே வேகாமலும் இருக்கும் பானையில் ஒரு சோறு எதையும் சொல்லாது. அதாவது, சிதறல் குறைவாக இருக்கும்போது மட்டுமே ஓர் எண் பலருக்காகப் பேச முடியும். சிதறல் எவ்வளவு என்று சொல்லாத சராசரி, எந்தப் பானையிலிருந்து எடுத்தது என்று தெரியாத சோறு.

சிதறலை அளக்க வீச்சு, கால்மான விலக்கம், திட்டவிலக்கம் எனப் பல அளவைகள் உள்ளன. ஆய்வேடுகளில் திட்டவிலக்கத்துக்குத்தான் முதல் மரியாதை. ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, விலகல்களை வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுப்பது அது. நமது பத்துக் குடும்பங்களுக்கு அது சுமார் 1.63 லட்சம், சராசரியைப்போல இரு மடங்குக்கும் அதிகம். பத்துக் குடும்பங்களுக்கும் ஆளுக்கு 74 ஆயிரம் கடன் உள்ள வேறோர் ஊரில் சராசரி அதுவே, திட்டவிலக்கம் பூஜ்யம். இரண்டு ஊர்களுக்கும் ஒரே திட்டம் பொருந்துமா?

ஆனால், முதல் ஊரில் திட்டவிலக்கமும் முழுமையாகக் கைகொடுக்காது. சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கம் கீழே போனால், கடன் மைனஸ் 89 ஆயிரம் என்று வருகிறது. அப்படியொரு கடன் உலகில் இல்லை. கோட்டம் மிகுந்த விவரங்களுக்குக் கால்மானங்களே நாணயமானவை. இந்த ஊரில் முதல் கால்மானம் பூஜ்யம். பாடநூல் முறைப்படி மூன்றாம் கால்மானம் 60 ஆயிரம். கால் பங்கினருக்குக் கடன் இல்லை, பாதிப் பேர் 5 ஆயிரத்துக்குள், முக்கால் பங்கினர் 60 ஆயிரத்துக்குள் என்று சொன்னால், படிக்காதவருக்கும் ஊர் கண்முன் வந்துவிடும்.

சதவீதங்களுக்கும் இதே எச்சரிக்கை தேவை. வேளாண் குடும்பங்களின் கடனில் 69.6 சதவீதம் வங்கி, கூட்டுறவுச் சங்கம், அரசு அமைப்புகள் ஆகியவற்றில் பெற்றது, 20.5 சதவீதம் தொழில்முறை லேவாதேவிக்காரர்களிடம் பெற்றது என்கிறது அந்த அறிக்கை. பத்தில் ஏழு விவசாயிகளுக்கு வங்கிக் கடன் கிடைத்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. அது தவறு. அந்தச் சதவீதம் தொகையில் எடுத்தது, குடும்பங்களில் எடுத்ததல்ல. நமது கற்பனை ஊரில் 5.5 லட்சமும் 1.2 லட்சமும் வங்கிக் கடன், மற்ற மூவரும் லேவாதேவிக்காரரிடம் வாங்கியவர்கள் என்று கொள்வோம். தொகையில் 90 சதவீதத்துக்கும் மேல் வங்கிக் கடன். ஆனால், கடன்பட்ட ஐவரில் மூவர், அதாவது 60 சதவீதத்தினர், லேவாதேவிக்காரரின் பிடியில். தொகைக் கணக்கில் ரூபாய்க்கு ஒரு வாக்கு. குடும்பக் கணக்கில் வீட்டுக்கு ஒரு வாக்கு. சிறிய கடனாளி முதல் கணக்கில் காணாமல் போகிறார்.

இது வெறும் கற்பனை அன்று. அறிக்கையின் உள்ளே, நில அளவுப்படி பிரித்த அட்டவணை இருக்கிறது. ஏறத்தாழ நிலமே இல்லாத குடும்பங்களின் சராசரிக் கடன் சுமார் 27 ஆயிரம். 10 ஹெக்டேருக்கு மேல் உள்ளவர்களுக்கு சுமார் 7.9 லட்சம். தலைப்புச் செய்தியில் வந்த 74,121 இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ மிதக்கிறது. ஆனால், 7.9 லட்சம் கடன் உள்ளவரே அதிகத் துன்பத்தில் இருக்கிறார் என்றும் சொல்லிவிட முடியாது. அவருக்குப் பிணையாக வைக்க நிலம் உண்டு. வங்கி மேலாளர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். துன்பத்தை அளக்க வேண்டுமானால் கடனை வருமானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். இடைநிலையும் அங்கே போதாது. இடைநிலை, ஓரத்தில் நிற்பவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நெருக்கடியில் இருப்பவரோ பெரும்பாலும் ஓரத்தில்தான் இருப்பார்.

வருமானக் கணக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஆய்வின்படி வேளாண் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். இதில் கூலி, சம்பளம் மூலம் 4,063 ரூபாய், பயிர்ச் சாகுபடியில் 3,798, கால்நடையில் 1,582, வேளாண் சாராத தொழிலில் 641, நிலக் குத்தகையில் 134. இந்திய விவசாயி சாகுபடியைவிடக் கூலியில் அதிகம் சம்பாதிக்கிறார் என்று இதைச் சுருக்கலாம், செய்தி முக்கியமானதும்கூட. ஆனால், இந்த ஐந்தையும் இதே விகிதத்தில் ஈட்டும் குடும்பத்தைத் தேடினால் கிடைக்காது. ஒரு முனையில் கூலியை நம்பிய குறு விவசாயி, மறுமுனையில் சாகுபடியை நம்பிய பெரு விவசாயி. இருவரையும் கலந்து பிசைந்த உருவம்தான் அந்தச் சராசரிக் குடும்பம்.

சராசரியை நான் பழிக்கிறேன் என்று கருத வேண்டாம். மொத்தம் தெரிய வேண்டியவருக்கு அதுவே வேண்டும். சராசரியை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம் கிடைக்கும், இடைநிலையைப் பெருக்கினால் எதுவும் கிடைக்காது. நிதித் துறைச் செயலருக்குச் சராசரி இன்றியமையாதது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சுமார் 73,700 ரூபாய். கருவூலத்துக்கு இது போதும். ஆனால், பத்தாயிரம் ரூபாய் தள்ளுபடி பெற்றவர் எத்தனை பேர், இரண்டு லட்சம் பெற்றவர் எத்தனை பேர், கூட்டுறவுச் சங்கத்தின் படியையே மிதிக்காததால் எதுவும் பெறாதவர் எத்தனை பேர் என்பவை இந்த வகுத்தலில் வெளிவருவதில்லை. வரிசெலுத்துவோர் கேட்க வேண்டிய கேள்விகள் அவைதாம்.

இவ்வளவுக்கும் தேவைப்பட்ட கணிதம் எட்டாம் வகுப்பில் கற்ற கூட்டல், வகுத்தல், வரிசைப்படுத்தல் மட்டுமே. நாங்கள் படித்த காலத்தில் லாகரிதம் அட்டவணையைப் புரட்டித் திட்டவிலக்கம் கண்டோம். ஐம்பது எண்களுக்குக் கணக்கிட்டு முடிப்பதற்குள் அந்த ஐம்பது எண்களும் பழக்கமானவர்கள் ஆகிவிடுவார்கள். எது பெரியது, எது ஒதுங்கி நிற்பது என்று கை அறிந்துவிடும். இன்று ஒரு விசையை அழுத்தினால் எல்லா அளவைகளும் திரையில் வந்து விழுகின்றன. அது நல்லதுதான். ஆனால், எண்களைக் கண்ணால் பாராமலேயே முடிவெழுதும் துணிவும் கூடவே வந்துவிட்டது.

ஓர் ஆய்வேட்டை மதிப்பிட்டபோது கண்டது இது. பதிலளித்தோரின் மதத்துக்கு 1, 2, 3 எனக் குறியீட்டு எண் கொடுத்திருந்தார் ஆய்வாளர். அதில் தவறில்லை. கணினி அந்தக் குறியீடுகளுக்கும் சராசரி கண்டுவிட்டது. 'மதம்: சராசரி 1.32, திட்டவிலக்கம் 0.61' என்று அட்டவணையில் அச்சாகியிருந்தது. வாய்மொழித் தேர்வில், 1.32 மதத்தைச் சேர்ந்தவர் யார் என்று கேட்டேன். நெறியாளர் தலைகுனிந்துகொண்டார். பெயருக்காக இடப்பட்ட எண் வேறு, தரவரிசை எண் வேறு, அளந்து பெற்ற எண் வேறு என்ற முதல் பாடம் நழுவினால் இப்படித்தான் ஆகும். மதம், சாதி, தொழில் ஆகியவற்றுக்கு எண்ணிக்கையும் சதவீதமும் முகடும் மட்டுமே பொருளுடையவை.

வகுப்பு முடியும்போது, அவரவர் தெருவில் இருபது வீடுகளில் கடன் விவரம் கேட்டு, ஒரு பக்கத்தில் விவரித்துக் கொண்டுவருமாறு சொன்னேன். அடுத்த வாரம் பெரும்பாலோர் சராசரியும் திட்டவிலக்கமும் கண்டு கொண்டுவந்தார்கள். பின்வரிசை மாணவரின் தாளில் இருபது வரிகள் இருந்தன, கடன் அளவுப்படி வரிசையாக. பக்கத்தில் நிலம் எவ்வளவு, கடன் யாரிடம் வாங்கியது என்ற இரு பத்திகள். அடியில் மூன்று வீடுகளைத் தனியே கோடிட்டு, 'சொல்ல விரும்பவில்லை' என்று எழுதியிருந்தார்.

"இந்த மூன்றையும் என்ன செய்வது சார்? பூஜ்யம் என்று போடவா, விட்டுவிடவா?" என்றார்.

அந்த வீடுகளில் யாரிடம் கடன் இருக்கும் என்று நினைக்கிறாய் தம்பி என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, மூன்று வீட்டுக்கும் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து போவார் என்றார். பூஜ்யமும் போட வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம், அந்தக் கோட்டை அப்படியே வைத்து அட்டவணையில் சேர்த்துவிடு என்றேன்.